பீரங்கி வைத்த பஞ்சாயத்து

பேராக்கில் லாருட் ஈயத்தைக் கண்டுபிடித்தது ஒரு யானை என்பார்கள். லோங் ஜாபர் வளர்த்த யானை, அதன் பெயரும் லாருட், ஒருநாள் காட்டுக்குள் ஓடிப்போய்ச் சில நாள் கழித்துத் திரும்பி வந்ததாம். காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிப் பார்த்தால் ஈயமணல். உண்மையோ பொய்யோ, பேராக் சரித்திரத்தில் முன்பணம் வாங்காமல், யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாமல் ஈயத்தைத் தொட்ட ஒரே ஜீவன் அந்த யானைதான். பிறகு வந்த எல்லாருக்கும் யாரிடமாவது பாக்கி இருந்தது.

ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளிகள் வந்து இறங்கினார்கள். அரிசி, அபின், மண்வெட்டி எல்லாம் பினாங்குச் சீன முதலாளிகளான தவுக்கேமார் கொடுத்த முன்பணம். ஈயம் விற்றுக் கணக்குப் பார்த்தால் தொழிலாளி கையில் மிஞ்சுவது அபின் மயக்கம் மட்டும். ஹாய் சான் கூட்டத்தார் கிளியான் பாவில் தோண்டினார்கள். கீ ஹின் கூட்டத்தார் கிளியான் பாருவில் தோண்டினார்கள். லம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, தண்ணீர்தான் உயிர். 1861-இல் யார் மடையை யார் திருப்பியது என்று சண்டை மூண்டது. கீ ஹின் கூட்டம் அடி வாங்கிப் பினாங்குக்கு ஓடியது. போனவர்கள் காயத்துக்கு மருந்து போட்டார்களோ இல்லையோ, மனு போட்டார்கள். எங்களில் பலர் பிரிட்டிஷ் பிரஜைகள், நஷ்டஈடு வாங்கித் தர வேண்டியது துரைத்தனத்தார் பொறுப்பு என்று மனு. கூட்டிக் கழித்துக் கடைசியில் நின்ற தொகை 17,447 வெள்ளி.

பில் போய்ச் சேர்ந்தது பேராக் சுல்தானுக்கு. அவர் இருந்தது பேராக் ஆற்றங்கரையில். அடிதடி நடந்தது மலைக்கு அந்தப் பக்கம். எந்த மடை, எந்தக் கூட்டம், யார் முதலில் கல் எறிந்தது, ஒன்றும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் காலமாக இருந்தால் அவருடைய வக்கீல் எழுந்து, "மை லார்ட், இது தகராறில் உள்ள கடன், முழு விசாரணை வேண்டும்" என்று ஆறு மாதம் இழுத்திருப்பார். 1862-இல் ஆளுநர் கேவனா அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. லாருட் ஆற்று வாயை மறித்து ஈயம் வெளியே போகாமல் செய்தார். பாக்கியைக் கட்டு, வழி விடுகிறேன். இன்று பாக்கி வைத்த கம்பெனிக்கு விடும் 21 நாள் நோட்டீஸின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

பணத்தைக் கட்டியது யானைக்காரர் மகன் ஙா இப்ராஹிம். சுல்தானுக்காகத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததும் சும்மா இல்லை. பதிலுக்கு லாருட் முழுவதையும் ஆளும் அதிகாரமும் மந்திரி என்ற பட்டமும் எழுதி வாங்கிக்கொண்டார். ஊராருக்கு வரவேண்டிய 17,447 வெள்ளிக்கு ஒரு மாவட்டமே கைமாறியது. கடனை அடைக்கிறேன் என்று சிரித்த முகத்தோடு வருகிறவரைப் பார்த்தால் நான் இன்றும் வீட்டுப் பட்டாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்.

மந்திரிக்கு ஈய வரி கொட்டியது. ஆனால் சண்டை நின்றபாடில்லை. 1865-இல் ஒரு ரவுண்டு, 1872-இல் இன்னொரு ரவுண்டு. மந்திரியின் அரசியல் கொள்கை மிக எளியது: யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம். இரண்டு தரப்பும் மாறி மாறி ஜெயித்ததால் இவருக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் 1873-இல் பினாங்குப் போலீஸ் தலைவராக இருந்த கேப்டன் ஸ்பீடியை வேலைக்கு அமர்த்தினார். ஸ்பீடி சாதாரண ஆள் இல்லை. அபிசீனியப் போருக்குப் பிறகு அந்நாட்டு இளவரசனுக்குக் காப்பாளராக இருந்தவர், நெடிய தாடிக்காரர். வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறி, வட இந்தியச் சிப்பாய்களை நூற்றுக்கு மேல் திரட்டிக்கொண்டு வந்து இறங்கினார். செலவு மந்திரி கணக்கில்.

இதே நேரத்தில் அரியணைக்கும் தகராறு. 1871-இல் சுல்தான் அலி காலமானபோது வாரிசு வரிசையில் இருந்த ராஜா அப்துல்லா அடக்கத்துக்கு வரவில்லை. கூடியிருந்த பெரியவர்கள் இஸ்மாயிலை அரியணையில் உட்காரவைத்துவிட்டார்கள். நம் ஊரில் பந்திக்கு முந்தாதவனுக்கு இலைதான் போகும். அங்கே ஒரு நாடே போனது. அப்துல்லா சிங்கப்பூருக்குப் போய்த் தான் கிம் சிங் என்ற வியாபாரியைப் பிடித்தார். சயாம் நாட்டுக் கான்சலாக இருந்தவர், அன்னா என்ற ஆசிரியையை பாங்காக் அரண்மனைக்கு அனுப்பிவைத்ததில் பங்குள்ளவர். மன்னர்களுக்கு என்ன வேண்டுமோ அதைத் தேடிக் கொடுப்பது அவர் தொழில். என்னை சுல்தானாக்கினால் லாருட் வரி வசூலில் உமக்குக் குத்தகை என்று அப்துல்லா வாக்குக் கொடுத்தார். ஆளுநருக்கு ஒரு கடிதம் தயாரானது: நல்ல ஆட்சிமுறை சொல்லிக் கொடுக்க ஒரு திறமைசாலியை அனுப்புங்கள் என்று. புதிதாக வந்திருந்த ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் இப்படி ஒரு கடிதம் வராதா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர்.

1874 ஜனவரி 20. பங்கோர் தீவுக்குப் பக்கத்தில் புளூட்டோ என்ற அரசாங்கக் கப்பல் நிற்கிறது. பஞ்சாயத்து அங்கேதான். நம் ஊர் ஆலமரத்தடியில் பஞ்சாயத்துப் பிடிக்கவில்லை என்றால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகலாம். கப்பலில் எழுந்து எங்கே போவது? மேல்தளத்தில் மலாய்த் தலைவர்கள், இன்னொரு பக்கம் ஹாய் சான், கீ ஹின் தலைவர்கள், நடுவே கிளார்க். அரியணையில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் வரவே இல்லை. வராதவர் மேல் தீர்ப்புச் சொல்வதில் பஞ்சாயத்தாருக்குத் தயக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்துல்லா சுல்தான், இஸ்மாயிலுக்கு ஒரு பட்டமும் மாதம் 1,000 வெள்ளி ஓய்வூதியமும். அரசச் சின்னங்கள் மட்டும் இஸ்மாயில் வீட்டுப் பெட்டியில். முத்திரை ஒருவரிடம், நாற்காலி இன்னொருவரிடம் இருக்கும் கம்பெனிகளை ஈப்போவில் நானே பார்த்திருக்கிறேன்.

பங்கோர் உடன்படிக்கை என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஷரத்து தெரியும்: சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்றுக்கொள்ள வேண்டும், சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் யோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். பரீட்சையில் இதைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்குச் சற்றுத் தள்ளி வருகிற ஷரத்து. ரெசிடெண்டுமாரின் சம்பளத்தையும் அவர்களுடைய அலுவலகச் செலவையும் நீரிணைக் குடியேற்ற அரசு நிர்ணயிக்கும். பேராக் வருமானத்தில் அதுவே முதல் பாத்தியதை. படித்துப் பாருங்கள். பேராக்கில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று ஒரு வரி கூடத் தெளியவில்லை. தவுக்கேமாருக்குப் பாக்கி, மந்திரிக்குப் பாக்கி, சிப்பாய்களுக்குப் பாக்கி, கொள்ளை போன லம்பத்துக்குப் பாக்கி. அத்தனை பேரும் வரிசையில் நிற்க, தீர்ப்புச் சொல்ல வந்தவர் நேராக முன்னால் போய் நின்று கணக்கில் தன் பெயரை முதலில் எழுதிக்கொண்டார். பேராக்கில் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ சட்டம் மாறியிருக்கிறது. இந்த வரிசை மாறவில்லை.

சீனக் கூட்டங்களோடு போட்டது தனி ஒப்பந்தம். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், அமைதியைக் குலைத்தால் 50,000 வெள்ளி அபராதம், லம்பத் தகராறுகளை ஒரு கமிஷன் தீர்க்கும், அதன் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். இந்தக் காலத்து நடுவர் தீர்ப்பாய ஷரத்து எப்படியிருக்குமோ கிட்டத்தட்ட அப்படியே. டன்லப், ஸ்வெட்டன்ஹாம், சீனமொழி பேசத் தெரிந்த பிக்கரிங் மூவரும் லாருட் சேற்றில் இறங்கிக் கோட்டைகளை இடித்தார்கள், பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களைத் தேடி மீட்டார்கள், லம்பங்களைப் பங்கு பிரித்தார்கள். ஹாய் சானுக்குத் தைப்பிங் பக்கம், கீ ஹின்னுக்குக் கமுந்திங் பக்கம். இது ஒன்றுதான் அந்தக் கப்பலில் பிறந்து உருப்பட்ட தீர்ப்பு. ஒருவரை ஒருவர் வெட்டத் தேடிய இரு தலைவர்கள், சுங் கெங் குயியும் சின் ஆ யாமும், 1877-இல் பேராக் அரசாங்க மன்றத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒற்றுமைக்குக் காரணம் 50,000 வெள்ளியா, ஈய விலையா என்பது உங்கள் ஊகத்துக்கு.

முதல் ரெசிடெண்டாக வந்தவர் பர்ச். இலங்கையில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு சிங்கப்பூர் வழியாக வந்தவர். கணக்குப் புத்தகத்தில் நம்பிக்கை அதிகம், மனிதர்களிடம் பொறுமை குறைவு. பேராக்கில் அப்போது கடன் அடிமை முறை இருந்தது. பெரிய மனிதரிடம் கடன் வாங்கிக் கட்ட முடியாதவன் குடும்பத்தோடு அவர் வீட்டில் உழைக்க வேண்டும். உழைப்பு வட்டிக்குப் போகும். அசல் அப்படியே நிற்கும். பிறக்கிற பிள்ளையும் அந்தக் கணக்கில் பிறக்கும். தப்பி ஓடி வந்தவர்களுக்கு பர்ச் அடைக்கலம் கொடுத்தார். தர்மமான காரியம்தான். அதே கையோடு தலைவர்கள் ஆற்றில் வசூலித்து வந்த சுங்கத்தையும் பிடுங்கினார். வாங்கவேண்டிய கடனும் போச்சு, வருகிற வரவும் போச்சு என்று தலைவர்கள் கொதித்தார்கள். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் அறிவிப்புகளை ஒட்டச் சொல்லிவிட்டு ஆற்றங்கரைக் குளியல் அறைக்குள் போனவரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

பிறகு படை வந்தது, இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும். கொலை வழக்கை மாத்தாங்கில் ஙா இப்ராஹிமின் கோட்டையிலேயே வைத்து நடத்தினார்கள். வீட்டுக்காரரிடம் வாடகை பேசினார்களா என்று தெரியாது. அவரையே நாடு கடத்த ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. பர்ச் கொலைக்காக மகாராஜா லேலா என்ற மலாய்த் தலைவரைத் தூக்கிலிட்டது 1877 ஜனவரி 20. புளூட்டோவில் கையெழுத்துப் போட்டுச் சரியாக மூன்று வருஷம், தேதி கூடத் தப்பவில்லை. அப்துல்லாவும் ஙா இப்ராஹிமும் சேஷெல்ஸ் தீவுக்குப் போனார்கள். 17,447 வெள்ளி கட்டி மாவட்டம் வாங்கியவருக்குக் கடைசியில் கிடைத்தது இந்துமாக்கடல் நடுவே ஒரு தீவு, அதுவும் சொந்தமாக இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போர்ச் செலவுக்கு பில் வந்தது. யாருக்கு? பேராக்குக்கு. அடித்த கைக்கு வலித்ததற்கும் அடிபட்டவனே மருந்துக் காசு கொடுக்க வேண்டும் என்பது ஒரு தனிச் சட்டத்துறை. பல்கலைக்கழகத்தில் இன்னும் பாடமாக வைக்கவில்லை.

1877-இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ வேறு ரகம். கோபப்படாத மனுஷர். அரசின் கடனைச் சில வருஷத்தில் அடைத்தார். கடன் அடிமை முறையை 1883 முடிவோடு ஒழித்தார், அதுவும் எஜமானர்களுக்கு ஈடு கொடுத்து. கோலகங்சாரில் வந்த வருஷமே கித்தா, அதாவது ரப்பர், நாற்றுகள் நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. ஒரு கையால் கடன் அடிமையை ஒழித்துக்கொண்டே இன்னொரு கையால் அடுத்த கடன் வளரும் மரத்தை நட்டிருக்கிறார், பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது. நாம் கதைக்குள் வருவது இந்த மரத்தின் பின்னாலிருந்து.

நம்மவர்கள் முதலில் கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் ஓடினால் ஜெயில். பிறகு கித்தாவோடு கங்காணி வந்தார். துரை கங்காணியை ஊருக்கு அனுப்புவார். தலைப்பாகை, கோட்டு, கையில் மோதிரம் சகிதம் அவர் திருச்சி, தஞ்சாவூர் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து மலேயாவைப் பற்றிப் பேசினால், கேட்கிறவனுக்குத் தன் வயல் தரிசாகத் தெரியும். பழைய பாக்கி அடைக்க, வழிச்செலவுக்கு, வேட்டி சட்டைக்கு எனக் கொடுத்ததெல்லாம் கங்காணி கணக்கில் ஏறும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறவனுக்குக் கடல் தெரியுமுன் கடன் தெரிந்துவிடும்.

சம்பள நாளை நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் தாழ்வாரத்தில் மேசை. கிராணி செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பேர் வாசிக்கிறார். பெரட்டுக்களத்தில் வரிசை. மேசைக்குப் பக்கத்தில் யாரும் கூப்பிடாமலே கங்காணி நிற்கிறார்.

"கங்காணியாரே, போன மாசம்தானே மூணு வெள்ளி புடிச்சீங்க?"

"அது அரிசிக் கணக்குடா. இது கப்பல் கணக்கு."

"கப்பல் கணக்கு முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"அசல் முடிஞ்சுது."

மேல்முறையீடு கிராணியிடம். கிராணி நிமிர்ந்து கங்காணி முகத்தைப் பார்ப்பார், பிறகு புத்தகத்தைப் பார்ப்பார், பிறகு அடுத்த பேரை வாசிப்பார். வழக்கு முடிந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் இங்கே உள்ள பாக்கி தீர வேண்டும். அடுத்த தோட்டம் அந்தப் பாக்கியைக் கட்டும், உடனே அந்தத் தொகை அங்கே அவன் பேரில் ஏறும். கடன் அப்படியே இருக்க ஆள் மட்டும் தோட்டம் மாறுவான். இதற்கிடையில் பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாளுக்கு 2 காசு தலைக்காசு. கடனும் கொடுப்பவர் அவர், கணக்கும் வைப்பவர் அவர், தகராறு வந்தால் சாட்சியும் அவர், இவன் வேலைக்கு வந்தாலே கமிஷனும் அவருக்கு. பங்கோர் ஷரத்தைக் கங்காணி படித்திருக்க மாட்டார். படிக்காமலே மனப்பாடமாக வைத்திருந்தார்.

சட்டம் மெதுவாக எட்டிப் பார்த்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை உண்டாக்கித் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து, அதில் கப்பல் செலவைக் கொடுத்தார்கள். வருகிற கூலி கடனில்லாமல் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையையும் நிறுத்த உத்தரவானது. அதே 1910-இல்தான் லண்டனில் கித்தா விலை ஒரு ராத்தல் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியது. கித்தா மரத்தையே பார்த்திராத பாதிரியாரும் பாட்டிமாரும் பேராக் கம்பெனிப் பங்குகளுக்கு வரிசையில் நின்றார்கள். 1932-இல் அதே ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. கம்பெனிகளுக்கு அதில் ஒரு சௌகரியம்: நஷ்டம் தாங்கவில்லை என்றால் தீர்மானம் போட்டுச் சாகலாம். இயக்குநர்கள் மாலையில் கிளப்புக்குப் போகலாம். கூலிக்குச் சாக அனுமதி இல்லை. ஊருக்குப் போ என்று பினாங்கில் கப்பல் ஏற்றினார்கள். அந்தச் சில வருஷங்களில் அப்படித் திரும்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

செட்டியார்களை விட்டுவிட்டால் காரைக்குடிப் பக்கம் கோபித்துக்கொள்வார்கள். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் கிட்டங்கி வைத்து, குட்டை மேசைக்கு முன்னால் சம்மணமிட்டு, சின்ன விவசாயி முதல் பெரிய லம்ப முதலாளி வரை எல்லாருக்கும் கொடுத்தார்கள். வங்கி வாசலில் காவலாளி தடுத்து நிறுத்திய ஆளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். வட்டியைப் பற்றி ஊர் பேசியது. கொடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மலாய்க்காரர் நிலம் கடனில் போய்விடுகிறது என்று 1913-இல் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. 1933-இல் அதை இறுக்கி, அத்தகைய நிலத்தைப் பிறருக்கு அடமானம் வைப்பதையும் தடுத்தார்கள். செட்டியாரின் பெட்டியில் இருந்த பத்திரம் அழகான கையெழுத்துள்ள காகிதமானது. அரசாங்கம் தன் போர்ச் செலவை மட்டும் எண்ணி எண்ணி வாங்கியதை இவர்கள் மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடலில் மரத்துக்கு விலை இருந்தது, நிலத்துக்கு விலை இருந்தது, லயத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவன் மட்டும் கணக்கில் வரவில்லை. சுங்கை சிப்புட் தோட்டக்காரர் மகன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். முதல் தோட்டம் கெடாவில், 1961-இல். நூறு வருஷத்தில் நம்மவர் கடனாளிப் பக்கத்திலிருந்து முதலாளிப் பக்கத்துக்கு எழுதப்பட்ட அரிதான பக்கம் அது. அதை நான் கிண்டல் செய்யப்போவதில்லை.

இப்போது கங்காணி இல்லை. அவருக்குப் பதில் கம்பெனிச் சட்டம் இருக்கிறது. 1965 சட்டத்தின்படி 500 வெள்ளிக்கு மேல் பாக்கி என்றால் நோட்டீஸ் விட முடிந்தது. 21 நாளில் பணம் வராவிட்டால் அந்தக் கம்பெனிக்குக் கடன் கட்டும் சக்தி இல்லை என்று சட்டமே கருதிக்கொள்ளும், கம்பெனியைக் கலைக்கச் சொல்லி வைண்டிங்-அப் மனுப் போடலாம். 2016 சட்டத்தில் அந்த 500, 10,000 வெள்ளியானது. கோவிட் காலத்தில் 50,000-க்கு ஏற்றி, ஆறு மாத அவகாசமும் கொடுத்தார்கள். அவகாசம் போய்விட்டது, 50,000 மட்டும் 2021 ஏப்ரல் முதல் நிலைத்துவிட்டது.

கோர்ட்டு வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். வைண்டிங்-அப் மனுவுக்கோ கெஜெட்டிலும் பத்திரிகையிலும் விளம்பரம் உண்டு. விளம்பரம் கண்ணில் பட்டதும் பேங்க் கணக்கை முடக்கும், சாமான் கொடுத்தவர்கள் ரொக்கம் கேட்பார்கள். ஆற்று வாயை மறிக்க இப்போது கப்பல் தேவையில்லை. அதனால் கொடுக்கல் வாங்கல் சண்டை எல்லாம் நேரே இங்கே வந்து நிற்கும். மெங்லம்புவில் ஒரு தொழிற்சாலை, அதற்கு உதிரிபாகம் கொடுத்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி வக்கீல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"லோயர் சார், சாமான் வந்து ஒம்பது மாசம் ஆச்சு. நல்லாத்தானே இருந்துச்சு?"

"அண்ணே, நோட்டீஸ் வந்த பிறகு நல்லா இல்ல. புரியுதா?"

"புரியுது. எங்க கெட்டுப்போச்சு?"

"அத அப்புறம் பாப்போம். ஒப்பந்தத்துல கடைசிப் பக்கத்த எடுங்க. ஏதாச்சும் தகராறு வந்தா நடுவர் தீர்ப்பாயம்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கும். எந்த ஒப்பந்தத்திலிருந்தோ நகல் எடுத்தது, கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காதது. அந்த ஷரத்துதான் இப்போது கவசம். மனுவே வராமல் தடுக்க ஃபார்ச்சுனா தடையாணை கேட்பார்கள்; ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு வரி வழக்கில் பிறந்து பேர் பெற்றது அது. கேள்வி இதுதான்: தகராறு என்று வாயால் சொன்னால் போதுமா, தகராறில் சரக்கு இருக்க வேண்டுமா? 2014-இல் இங்கிலாந்தில் சால்ஃபோர்டு எஸ்டேட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடனாளி பக்கம் சாய்ந்தது. நடுவர் ஷரத்து இருந்து, கடனை ஒப்புக்கொள்ளவும் இல்லை என்றால், அரிதான சூழ்நிலை தவிர, மனுவை நிறுத்திவிட்டு நடுவரிடம் அனுப்பு. 2020-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆன்ஆன் வழக்கில் கிட்டத்தட்ட அதே பாதையில் போனது. கடன் கொடுத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

2024 ஜூனில் லண்டன் பிரிவி கவுன்சில், பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளிலிருந்து வந்த சியான் எதிர் ஹலிமெடா வழக்கில் சால்ஃபோர்டு தவறு என்று சொன்னது. 14 கோடி டாலர் கடன் வாங்கிய கம்பெனி, வட்டியோடு திருப்பிக் கேட்டபோது நடுவர் ஷரத்தைத் தூக்கிக் காட்டியது. கடனை மறுக்க உண்மையான, கனமான காரணம் இருந்தால் மட்டும் மனு நிறுத்தப்படும் என்றார்கள் நீதிபதிகள். நம் வழக்குகள் 1985-க்குப் பிறகு அந்தக் கவுன்சிலுக்குப் போவதில்லை. ஆனாலும் கோர்ட்டில் கடன் கொடுத்தவர் வக்கீல் சியானை நீட்டுகிறார், கடனாளி வக்கீல் சால்ஃபோர்டை நீட்டுகிறார். ஒரே வக்கீல் காலையில் ஒன்றையும் மதியம் மற்றொன்றையும் நீட்டுவதும் உண்டு. தொழில் தர்மம்.

சரி, கம்பெனி கலைந்தது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு முதலில் பணம்? 2016 சட்டத்தின் 527-ஆம் பிரிவைப் புரட்டினால் பிணையில்லாக் கடன்களில் முதல் இடம் கலைப்புச் செலவுக்கு, அதாவது மனுப் போட்ட செலவு, கலைப்பாளர் ஊதியம், அவருடைய படிக்காசு. அதற்கடுத்துத்தான் தொழிலாளி சம்பளம், நாலு மாதத்துக்குள் ஏற்பட்ட பாக்கி, தலைக்கு 15,000 வெள்ளி வரை. பழைய சட்டத்தில் இது 1,500-ஆக இருந்தது. ஒரு சைபர் சேர்க்க நம் ஆட்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. சாமான் கொடுத்த மெங்லம்பு ஆசாமி வரிசையின் வாலில் நின்று எட்டி எட்டிப் பார்க்கிறார். புளூட்டோ கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களில் யாராவது இன்று உயிரோடு வந்தால் இந்தப் பிரிவை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தீர்ப்புச் சொல்ல வந்தவருக்கே கடைசியில் கணக்கு நேராகாமல் போனதும் உண்டு, பேராக்கில் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம். பங்கோருக்கு நாலு வருஷம் கழித்து, 1878-இல், சூலு சுல்தான் சபா நிலத்தை எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் ஒன்று. அதன்படி வாரிசுகளுக்கு வருஷம் 5,300 வெள்ளி போய்க்கொண்டிருந்தது; 2013-இல் சூலு ஆயுதக் கும்பல் சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவிய பிறகு மலேசியா நிறுத்தியது. தகராறு வந்தால் புருணையில் உள்ள பிரிட்டிஷ் கான்சல் ஜெனரலிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தக் கான்சல் ஜெனரல் பதவியே இப்போது இல்லை. இதை நடுவர் ஷரத்தாகப் படித்து, ஸ்பெயின் நாட்டு நடுவர் கோன்சாலோ ஸ்டாம்பா 2022 பிப்ரவரியில் மலேசியா 1,492 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். தனது நியமனத்தை ஸ்பெயின் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, பாரிஸுக்கு இடம் மாறி உட்கார்ந்து எழுதினார். அவர் அதற்கு முன் எழுதிய ஆரம்பத் தீர்ப்பை 2023-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 ஜனவரியில் மாட்ரிட் நீதிமன்றம், எங்கள் உத்தரவை மதிக்கவில்லை என்று நடுவருக்கு ஆறு மாதச் சிறையும் ஓராண்டு நடுவர் வேலை பார்க்கத் தடையும் விதித்தது.